துரைக்கு வயிறு கட்டிய நாள்

நாய் குசு விட்டால் நாய்தான் எழுந்து போக வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் எழுந்து போவோம். துரை விட்ட இடத்திலேயே கண்ணை மூடிப் படுத்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரர் செய்த காரியம் போல. குசு என்ற சொல்லைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அதோடு ஒரே கூரையின் கீழ் குடித்தனம் பண்ணியவள். காற்று, வாயு என்று பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

எழுபத்திரண்டாம் வருஷம், ஆனி மாதம். விருத்தாசலத்தில் ஜங்ஷனுக்குப் போகும் ரோட்டை ஒட்டி, பீங்கான் பேட்டைக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரு கூடம், ஒரு சமையல் உள், பின்னால் எல்லாருக்கும் பொதுவான கிணற்றடி. என் வீட்டுக்காரர் சக்கரபாணி ஒரு பொம்மைக் கம்பெனியில் மோல்டு போடுகிறவர். பிளாஸ்டர் மாவைத் தண்ணீரில் கரைத்து பொம்மையின் மேல் ஊற்றி, அது கல்லாக இறுகியதும் இரண்டாகப் பிரித்து எடுத்தால் அதுதான் மோல்டு. அதற்குள் வெள்ளைக் களிமண் குழம்பை ஊற்றி ஊற்றி ஒரே முகத்தில் எத்தனை பொம்மை வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் அதே கம்பெனியில், சுட்டு வந்த பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவள்.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பேசமாட்டார். கோபக்காரர் இல்லை, குடிப்பது இல்லை, என் மேல் கை நீட்டியது இல்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். "சாப்பிடுறீங்களா?" என்றால் தலை ஆடும். "உப்பு போதுங்களா?" என்றால் அதே தலை அதே மாதிரி ஆடும். எனக்கோ வாய் மூடாது. திட்டக்குடியில் எங்கள் அம்மா வீட்டில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், ஏழு பேருக்கும் எல்லாம் காதில் விழும். அங்கிருந்து வந்தவளை இந்த மனுஷனோடு கட்டிப் போட்டால் எப்படி இருக்கும்? பிள்ளையும் இல்லை. அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. சண்டை போடக்கூட ஆள் கிடையாது. நான் கத்துவேன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அவர் அதை எடுத்து, நெளிசலைத் தட்டி நேர் பண்ணி, இருந்த இடத்தில் வைத்தார்.

அப்புறம் துரை வந்தது. சூளைக்குப் பின்னால் உடைசல் கொட்டுகிற மேட்டில் குட்டியாகக் கத்திக்கொண்டிருந்ததாம், சட்டைக்குள் போட்டு எடுத்து வந்தார். நான் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "இது ஒண்ணுதான் இந்த வூட்ல குறைச்சல்" என்றேன். தலை ஆடியது. அன்று சாயங்காலம் சமையல் உள்ளில் இருக்கும்போது கிணற்றடியில் ஆண் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. இந்த மனுஷன் குந்தி உட்கார்ந்துகொண்டு நாயோடு பேசிக்கொண்டிருந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. வயிறு எரிந்தது. இத்தனை வருஷம் என்னிடம் பேசாத பேச்சையெல்லாம் நாய்க்குக் கொட்டுகிறாரே என்று. ஆனால் நான் ஒன்றும் முட்டாள் இல்லை. அன்றிலிருந்து அவர் துரையோடு உட்காரும்போதெல்லாம் எனக்குச் சமையல் உள்ளின் ஜன்னல் பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். ஸ்ரீமுஷ்ணத்தில் அவர் அப்பாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருப்பது எனக்கு அப்படித்தான் தெரியும். அவருக்குக் கடைவாய்ப் பல் வலி என்று அப்படித்தான் தெரியும். என் மீன்குழம்பு நன்றாக இருந்ததும் அப்படித்தான். மறுநாள் பல்லுக்குக் கிராம்பு எடுத்து வைப்பேன். எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டதில்லை. கேட்டால்தான் பேச்சாகிவிடுமே! துரை இருந்ததால்தான் எனக்கு என் புருஷன் குரல் காதில் விழுந்தது. நாய்க்காக நான் சோறு வடித்ததெல்லாம் இதற்காகத்தான்.

பலாப்பழக் காலம் வந்ததும் கஷ்டம் வந்தது. பண்ருட்டிப் பக்கமிருந்து வண்டி வண்டியாகப் பழம் இறங்கும். லைன் முழுக்க சுளை, சடை, கொட்டை. துரை எல்லாவற்றையும் தின்னும், மெல்லாது, அப்படியே விழுங்கும். அவர் டீக்கடையிலிருந்து மசால் வடை கொண்டு வந்து போடுவார். அடுத்த வீட்டு வீராயி அக்கா மீந்துபோன மொச்சைக் குழம்பு ஊற்றுவாள். அது அத்தனையையும் வயிற்றில் போட்டுப் புளிக்க வைத்து, நாங்கள் சாப்பிட உட்காரும் நேரமாகப் பார்த்து விடும். சத்தம் வராது. சத்தம் வந்தாலாவது எழுந்து ஓடலாம். திடீரென்று கூடம் முழுக்க ஒரு நாற்றம். ஊதுவத்தி கொளுத்தினேன். சாம்பிராணி போட்டேன். ஊதுவத்தியும் நாற்றமும் சேர்ந்துகொண்டு இன்னும் மோசமானது.

நான் அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஒரு நாள் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அவருடைய சித்தப்பா கோவிந்தராசு வந்திருந்தார். பெரிய மனுஷர், வாழை இலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு. நான் குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது துரை விட்டது. சித்தப்பா நாயைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெரிய மனசு பண்ணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "ஐயோ, நான் இல்லீங்க மாமா, நாயிங்க" என்று சொல்ல முடியுமா? இலையை மூடிவிட்டு எழுந்தார். என் மானம் போயிற்று. அவரை பஸ் ஏற்றிவிட்டு வந்த கையோடு சொன்னேன். "இந்த நாய்க்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா நான் திட்டக்குடி பஸ்ஸு ஏறிடுவேன். ரெண்டுல ஒண்ணு." தலை ஆடவில்லை.

வழி சொன்னது வீராயி அக்கா. "வெள்ளைக் களிய சோத்துல வச்சு உருட்டிக் குடு. உள்ளாற இருக்குற வாயு எல்லாத்தையும் இழுத்துக்கும்" என்றாள். அவள் சொன்னதில் தப்பு கிடையாது. எங்கள் பேட்டையில் எல்லார் வீட்டிலும் பொம்மை ஊற்றுகிற அந்த வெள்ளைக் களி மாவாக இருக்கும். பாத்திரம் தேய்ப்போம், வயிறு சரியில்லை என்றால் கொஞ்சம் கரைத்துக் குடிப்போம், பிள்ளைத்தாச்சிகள் திருட்டுத்தனமாகத் தின்பார்கள். நான் அதை அவர் காதில் விழும்படி இரண்டு தடவை சொன்னேன்.

மறுநாள் விடியற்காலை நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே அவர் அலமாரியிலிருந்து டால்டா டின்னை இறக்குகிற சத்தம் கேட்டது. பழைய சோற்றைப் பிழிந்து, மாவைப் போட்டு, ஒரு தட்டில் பிசைந்து உருட்டினார். துரை வழக்கம் போல மெல்லாமல் விழுங்கியது. "முழுங்குடா துரை, முழுங்கு. உன்னால அவ பஸ்ஸு ஏறிடுவேன்றா. அவ போயிட்டா அப்புறம் இது வூடா? நீயும் நானும் பொணமாட்டம் குந்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான்." எனக்குக் கோலப்பொடி கையிலேயே நின்றுவிட்டது. எழுந்து உள்ளே போய் அந்த மனுஷனைக் கட்டிக்கொள்ளலாமா என்று இருந்தது. அப்படிச் செய்தால் வெட்கத்தில் நாயோடு பேசுவதையும் நிறுத்திவிடுவார். தலையைக் குனிந்துகொண்டு கோலத்தை முடித்தேன்.

அன்று எனக்கு வேலை இல்லை. சூளை எரித்து ஆறப் போட்டிருந்தார்கள், பிரிக்கும் வரை பேக்கிங் பெண்களைக் கூப்பிடமாட்டார்கள். அவர் மட்டும் ஷெட்டுக்குப் போனார். வீடு மணமாக இருந்தது. ஆஹா, வீராயி அக்காவுக்கு ஒரு கை முறுக்கு சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் துரை படுக்கவில்லை. கூடத்துக்கு வரும், கிணற்றடிக்குப் போகும், திரும்ப வரும். குனிந்து வாந்தி எடுக்கப் பார்க்கும், நுரைதான் வரும். தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்க்கும். "ஏண்டா ஒரு இடத்துல கெடக்க மாட்டியா? காலுக்குள்ள காலுக்குள்ள வரியே" என்று அதட்டினேன். அது என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் நடந்தது. எனக்கும் கை ஓடவில்லை. அரிசி களைந்தேன், வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன், மறுபடி உள்ளே போனேன்.

பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தபோதுதான் அந்தத் தட்டு கைக்கு வந்தது. அவர் சோறு பிசைந்த அலுமினியத் தட்டு. ஓரத்தில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன். நகம் ஒடிந்தது. கரண்டியால் தட்டினேன், டங் என்றது. சோற்றுப் பருக்கை கல்லுக்குள் கல்லாக நின்றது. வெள்ளைக் களி காய்ந்தால் தண்ணீர் பட்டதும் கரையும். இது கரையவில்லை.

ஓடிப் போய் அலமாரியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு டால்டா டின் உண்டு. ஒன்றில் வெள்ளைக் களி, இன்னொன்றில் அவர் பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டிலேயே சின்ன மோல்டு போட வைத்திருந்த பிளாஸ்டர். வெள்ளிக்கிழமை அலமாரியைக் கழுவி எல்லாவற்றையும் திரும்ப அடுக்கியிருந்தேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் மாவு. திறந்து கிடந்தது பிளாஸ்டர் டின்.

துரையின் வயிற்றில் கை வைத்தேன். உறுமி மேளத்துத் தோல் மாதிரி விறைத்திருந்தது. காலையிலிருந்து இந்த நாய் ஒரு குசு விடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பாட்டுக்கு வீடு மணக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன், பாவி. "வீராயக்கா, நாயப் பாத்துக்கோங்க" என்று கத்திவிட்டுத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

மோல்டு ஷெட்டில் அவரும் ராஜாங்கமும் பீப்பாய் பக்கத்தில் நின்று மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள். ராஜாங்கம் அவருக்குக் கீழே வேலை செய்கிற ஆள். நான் தட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். கட்டை விரலால் ஓரத்தைத் தடவினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உட்காந்தா ஆச்சா? எழுந்திரிங்க! அது வயிறு வீங்கிப் போய் அங்கயும் இங்கயும் அலையுது. ஏதாவது சொல்லுங்க!" என்று அலறினேன்.

அவர் எழுந்தார். விறுவிறுவென்று வெளியே போய், எதிரில் இருந்த பெட்டிக் கடையில் வெல்லம் வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னாலேயே வந்த ராஜாங்கம்தான் சொன்னான். "வெல்லமோ சர்க்கரையோ பட்டா பிளாஸ்டர் சரியா இறுகாதுக்கா, கொழகொழன்னு நிக்கும். ஒருக்கா எவனோ பீப்பாயில டீயக் கொட்டிட்டான், அன்னிக்குப் போட்ட மோல்டு எல்லாம் வீணாப் போச்சு. அதுலேருந்து ஷெட்டுக்குள்ள டீ குடிச்சா அண்ணன் வெளிய துரத்திடுவாரு."

"உள்ள போயி இவ்ளோ நேரமாச்சே, இன்னுமா இறுகாம இருக்கும்?"

"தட்டுல காஞ்சிருக்கும். வயித்துல சோறு இருக்குது, தண்ணி இருக்குது. முழுசா இறுகியிருக்காதுக்கா" என்றான். சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெல்லத்தைக் கரைத்தாயிற்று. துரை வாயைத் திறக்கவில்லை. அவர் கிட்டே போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. காலையில் அந்த உருண்டையை ஊட்டியது அந்தக் கைதானே, அது மறந்துவிடுமா? அவர் மறுபடி கையை நீட்டினார், அது பின்னால் நகர்ந்து என் காலுக்கு நடுவில் ஒண்டியது. "குடுங்க இப்படி" என்று அவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கினேன். அதன் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக் கடைவாய் வழியாக ஊற்றினேன். கடித்தது. கடித்துக்கொள் என்று விட்டுவிட்டு இன்னும் ஊற்றினேன்.

களி தள்ளுகிற வண்டியில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சேத்தியாத்தோப்புக்கு கேம்ப் போயிருந்தார், வர சாயங்காலம் ஆகும் என்றார்கள். இருந்தவர் காத்தவராயன், மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "காத்து வெளிய வரலீங்க. உள்ளயே நின்னுட்டா நெஞ்ச அடைச்சுடும். வெளக்கெண்ண தரேன். படுக்க மட்டும் விடாதீங்க. நடக்க வச்சுக்கிட்டே இருங்க. காத்து வந்துட்டா உசுரு வந்த மாதிரி. வரலன்னா..." என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். மனுஷர் தூணைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

நடக்க வைத்தோம். மணிமுத்தாற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். கயிற்றை நான் பிடித்துக்கொண்டேன், அவர் பிடித்தால் நாய் வரமாட்டேன் என்றது. பாலத்திலிருந்து கோயில் படித்துறை வரைக்கும் போவோம், திரும்புவோம். மறுபடி போவோம். துரை இரண்டடி வைக்கும், முன்னங்காலை மடக்கப் பார்க்கும், நான் கயிற்றைத் தூக்குவேன். வெயில் சுட்டது. மணலில் கால் புதைந்தது. நிழலில் நிற்கலாம் என்றால் அது உடனே படுக்கப் பார்த்தது, அதனால் நிற்கவும் முடியவில்லை. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அதன் வாலைப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை. வெல்லத் தண்ணீர் ஊற்றினேன், விளக்கெண்ணெய் ஊற்றினேன், மறுபடி நடந்தேன். அவர் பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். எனக்கு இல்லை, நாய்க்கு. "வாடா துரை, நடடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் அது நடக்கும். அவர் குரலுக்கு அது பழகிய நாய். இந்தப் பாவி மனுஷனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. நாயோடு பேசுகிற அந்த ஒரு வாயும் அடைத்துக்கொண்டது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. இந்த நாய் செத்தால் இந்த மனுஷன் இனி ஜென்மத்துக்கும் யாரோடும் பேசமாட்டார். தன் கையால் கொன்றோம் என்று வாயைத் தைத்துக்கொள்வார். நான் அந்த வீட்டில் பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிழவியாகி, பாத்திரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாக வேண்டும்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நாயைத் திட்ட ஆரம்பித்தேன்.

"ஏண்டா, சாகப் பாக்கிறியா? சாவு. என்னைக் கேட்டா சாவுற? எனக்கு மட்டும் உன் மேல ஆசையா? உன் நாத்தத்துல நான் சாப்பிட்ட சோறு எனக்குத் தெரியும். ஆனா நீ போயிட்டின்னா அந்த மனுசன் பேசமாட்டாரு, தெரிஞ்சுக்கோ. நீ வந்தப்புறந்தான் அவரு கொரல நானே கேட்டேன். ஜன்னல் ஓரமா நின்னு நின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன், திருடியாட்டம். அவருக்குப் பல்லு வலின்னு உன்கிட்ட கேட்டுத்தான் எனக்குத் தெரியணும். காலம்பர நீ முழுங்கறப்ப என்னா சொன்னாரு? நான் போயிட்டா அது வூடே இல்லன்னு சொன்னாரு இல்ல? அத எங்கிட்ட சொல்ல அவருக்கு வாய் இல்ல. உன்கிட்ட சொன்னாரு. நீ செத்துட்டா இனிமே யாருகிட்டடா சொல்லுவாரு? அந்தத் தூணு கிட்டயா? நட! நடடா மூதேவி! கெஞ்சறேன், நடடா என் ராசா!"

பின்னால் மணலில் காலடிச் சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டால் கேட்கட்டும். இத்தனை நாள் நான் ஒட்டுக் கேட்டேன், இன்றைக்கு அவர் கேட்கட்டும். கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தேன். மூக்கைச் சிந்தினேன். திட்டிக்கொண்டே நடந்தேன். பாலத்துக்குக் கீழே சீட்டு விளையாடிக்கொண்டிருந்த ஆட்கள் எங்களையே பார்த்தார்கள். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் தாழ்ந்து, கோயில் பக்கம் மேளச் சத்தம் கேட்க ஆரம்பித்த நேரம். படித்துறைக்குக் கிட்டே துரை நின்றது. படுக்கப் போகிறது என்று கயிற்றை இழுத்தேன், வரவில்லை. பின்னங்காலை அகட்டியது. வாலைத் தூக்கியது. காதை மடக்கிக்கொண்டு வேறு எங்கேயோ பார்த்தது.

சத்தமே இல்லாமல் விடுகிற நாய், அன்றைக்குப் பாலத்து ஆட்களுக்கே கேட்கிற மாதிரி விட்டது. நின்று நின்று, இழுத்து இழுத்து. அப்புறம் நாற்றம் வந்தது. பலாப்பழமும் வெல்லமும் விளக்கெண்ணெயும் எல்லாம் சேர்ந்த நாற்றம். சீட்டுக்காரர்கள் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார்கள். நான் ஓடவில்லை. நாயின் பின்னாலேயே மணலில் உட்கார்ந்துகொண்டு, "விடுடா, நல்லா விடுடா, இன்னும் விடுடா" என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். அது கொஞ்ச தூரம் போய்க் குந்தியது. வெள்ளை வெள்ளையாகக் கொழகொழவென்று வந்தது, நடுவில் மொச்சை அளவு கட்டிகள். அவர் ஓடி வந்து ஒரு குச்சியால் கட்டிகளைக் கிளறி நசுக்கிப் பார்த்தார். நசுங்கியது. வெல்லம் வேலை செய்திருந்தது. துரை திரும்பி அவரைப் பார்த்தது, கிட்டே வந்து அந்தக் கையை முகர்ந்தது. அவர் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது வழி முழுக்க விட்டுக்கொண்டே வந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்தோம். வீராயி அக்கா வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு, "பொழைச்சுக்கிச்சா! தெரியுது, தெரியுது" என்று சிரித்தாள். துரை கொஞ்சம் கஞ்சி நக்கிவிட்டுக் கூடத்து நடுவில் காலை நீட்டிப் படுத்தது. நான் அடுப்பைப் பற்ற வைக்க உள்ளே போனேன். இனி அவர் நாய் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்லுவார், நான் ஜன்னல் பக்கம் நிற்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதுவே எனக்குப் போதும் என்றிருந்தது.

"டின்ன யாரு மாத்தி வச்சது?"

குரல் உரக்க வந்தது. ராஜாங்கம் வந்திருக்கிறானோ என்று திரும்பினேன். சமையல் உள்ளின் வாசற்படியில் இவர்தான் நின்றார். நாய் அவருக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னையா கேக்குறீங்க?"

"வேற யாரக் கேப்பேன்? இந்த வூட்ல டின்ன தொடறது நீ ஒருத்திதான? எப்பவும் கீழ்த்தட்டுல களி, மேல்தட்டுல பிளாஸ்டரு. கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன். கழுவறேன் மொழுவறேன்னு எல்லாத்தையும் தலைகீழா வச்சிட்டியே, ஒரு வார்த்த சொன்னியா?"

எனக்குச் சுறுசுறு என்று கோபம் ஏறியது, தலைக்கு எண்ணெய் வைத்த மாதிரி சுகமாக இருந்தது.

"நான் சொல்லலியா? உங்ககிட்ட எதுதான் நான் சொல்லல? சொன்னா காதுல வாங்கினாத்தான? காலம்பூரா மோல்டு போடுற கை, களிக்கும் பிளாஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாதா? சின்னப் புள்ள தொட்டாக்கூடத் தெரியுமே!"

"இருட்டுல சோத்தோட பெசையறப்ப எப்படித் தெரியும்? பஸ்ஸு ஏறிடுவேன் பஸ்ஸு ஏறிடுவேன்னு நீ உசுர வாங்கினா மனுசனுக்கு கை நடுங்காதா?"

"நடுங்குச்சா? நடுங்குனா சொல்றது! எங்கிட்ட சொல்றதுக்கு என்னா கேடு?"

"நீ எங்க பேச விடுற? நான் ஒரு வார்த்த யோசிக்கறதுக்குள்ள நீ நூறு வார்த்த பேசிடுற. கல்யாணமான நாள்லேருந்து எனக்கு எடம் எங்க இருந்துச்சு? நாய் சும்மா கேக்குது. அதான் அதுகிட்ட பேசினேன். அதையும் ஒட்டுக் கேட்டியாமே!"

சத்தம் லைன் முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். வீராயி அக்கா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். அவர் வாயிலிருந்து இப்படி வருவதைப் பார்த்து அவளுக்குக் கண் பிதுங்கியது. "ஐயோ, என்னாடி திரௌபதி? பொழைச்ச நேரத்துல எதுக்கு சண்ட? நான் வேணா ராஜாங்கத்தக் கூப்பிடட்டா?" என்றாள்.

"ஒருத்தரும் வர வேணாம், போங்கக்கா" என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அடுப்பை அணைத்தேன். அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார், தன் குரலைத் தானே கேட்டு மிரண்டவர் மாதிரி. வாயை மூடிக்கொண்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. முந்தானையைச் செருகிக்கொண்டு அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"நான் இனிமே வாயத் தொறக்கல. நீங்க சொல்லுங்க" என்றேன். "என் மேல இன்னும் என்னென்ன கோவம் இருக்குது?"

அவர் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.